மிளகாய்மேல் போட்ட பழி

என் சமையலில் காரம் ஜாஸ்தி என்று ஏற்காட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை, என் மாமியாரைத் தவிர. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் மெஸ் வைத்திருந்தோம். மத்தியானம் சாப்பாடு, சாயங்காலத்துக்கு மேல் தோசை, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. லாட்ஜ்களில் வேலை பார்க்க சேலத்திலிருந்து வந்தவர்கள், எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர்கள், மஞ்சக்குட்டை ஜீப் டிரைவர்கள், வாரத்துக்கொரு தடவை பெரிய தோல் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வருகிற மருந்துக் கம்பெனி ரெப்புகள், எல்லாரும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான். சாப்பிட முடியாத ஒரே ஆள் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர் என் வீட்டுக்காரர்.

அவருக்கு வயிற்றில் புண். நான் சொல்வது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நடந்தது. அல்சர் என்ற வார்த்தை அப்போது டீக்கடை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. யாருக்கு வந்தாலும் ஊர் சொல்கிற வைத்தியம் ஒன்றேதான்: நேரத்துக்குச் சாப்பிடு, மனசைப் போட்டு அலட்டிக்காதே, காரத்தை விடு. முதல் ரெண்டும் அவர் பாடு. மூணாவது என் தலையில் வந்து விடிந்தது.

"மொளகாய அள்ளி அள்ளிப் போட்டு என்ற புள்ள கொடல வேக வெச்சுப்போட்டா" என்று என் மாமியார் கடைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அத்தைக்குக் குரல் கொஞ்சம் கனம். காப்பித் தோட்டத்தில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கல்லாப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னால் உள்ளே தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிற எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் சொல்வதும்.

ஜீப்காரர்கள் சும்மா இருப்பார்களா? "ஏனுங்கக்கா, மொதலாளியே சாப்புடாத கடையில நாங்க சாப்புடலாமுங்களா?" என்பார்கள். "நீங்க கல்லையே செரிக்கிறவங்க, சாப்புடுங்க" என்று நானும் கரண்டியை ஆட்டிச் சிரித்துவிடுவேன். சிரித்தேனே தவிர வயிற்றெரிச்சல் எனக்குத்தான் அதிகம். கட்டிக்கொண்டு வந்து பதினைந்து வருஷம் ஆகப்போகிறது, அத்தனை வருஷமும் அந்த மனுஷனுக்குச் சோறு போட்ட கை இந்தக் கை. அந்தக் கைதான் அவரை அரித்துத் தின்கிறது என்று ஒருத்தி தினமும் சொன்னால், கொஞ்ச நாளில் நமக்கே சந்தேகம் வந்துவிடும். எனக்கும் வந்தது. அதுதான் பெரிய கொடுமை.

அவருக்கென்று தனியாக மிளகாயே போடாமல் சமைத்தேன். பிறகு மிளகையும் நிறுத்தினேன். புளியை நிறுத்தினேன். கடைசியில் குழைந்த சோறும் மோரும் உப்புமாய் வந்து நின்றது. மனுஷன் இளைத்தார், சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது, வலி மட்டும் அப்படியே இருந்தது. ஒன்றைக் கவனித்தேன். சாப்பிட்டால் வலி அடங்கும், வயிறு காலியானால் பிடித்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாமல் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் வரை நிம்மதியாகத் தூங்கினார். காரம்தான் காரணம் என்றால் அன்றைக்கு அவர் உருண்டு புரண்டிருக்க வேண்டாமா? இதை அத்தையிடம் சொன்னேன். "வெசத்தத் தின்னாக்கூட தூக்கம் வரும்" என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ரெப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டைவிட்டு வெளியூரில் கிடந்து ஓட்டல் சோறு தின்று நாக்குச் செத்தவர்கள். எங்கள் மெஸ்ஸில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டதும் அவர்களுக்குக் கண் கலங்கும். அந்தப் பிரியத்தில் கிளம்பும்போது பையைத் திறந்து, "அண்ணா, வயித்துக்குப் புதுசா வந்திருக்குது, போட்டுப் பாருங்க" என்று அட்டையட்டையாகச் சாம்பிள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். வயிற்றுக்கு மட்டுமில்லை, சளிக்கு, காய்ச்சலுக்கு, மூட்டு வலிக்கு. அத்தனையும் கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். வலி கண்டால் என் வீட்டுக்காரர் டின்னுக்குள் கையை விடுவார், கைக்கு எது வருகிறதோ அது அன்றைக்கு மருந்து. தொண்டை கரகரத்தால் சிவப்பும் கறுப்புமாய் ஒரு கேப்சூல். மழைக்காலத்தில் தும்மினால் இன்னொன்று. டின் காலியாவதே இல்லை.

ஒரு தடவை ரத்தமாய் வாந்தியெடுத்தார். சேலத்தில் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். மூன்று பேரும் காலை பஸ்ஸில் இறங்கினோம். அத்தையை விட்டுவிட்டுப் போக முடியுமா? நான் டாக்டரிடம் என்ன பொய் சொல்வேனோ என்று அத்தைக்குப் பயம்.

டாக்டர் நடு வயசுக்காரர், அதிகம் பேசாதவர். குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து எள்ளளவு சதையைக் கிள்ளி எடுத்து, மஞ்சளாய் ஏதோ இருந்த குட்டி சீசாவுக்குள் போட்டு மூடி மேசைமேல் வைத்தார். எங்களை வெளியே உட்காரச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டபோது சீசா அதே மஞ்சளாகத்தான் இருந்தது. கிருமி எதுவும் இல்லை என்றார். புண் பழசு, ஆழமாக இருக்கிறது, புண் ஆறி ஆறி வடு விழுந்து வயிற்றின் வாசலே குறுகிக்கொண்டு வருகிறது, ஏற்கெனவே ரத்தம் கசிந்திருக்கிறது. இனி ஆபரேஷன்தான், வயிற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அத்தை விடவில்லை. "காரத்துனால வந்ததுதானுங்களே சாமி?" என்றார். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அரைக் கவனத்தில், "காரம் கொறைச்சா நல்லதுதாம்மா" என்றார்.

போதாதா? பஸ் அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் அத்தை அதை ரெண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது. மலையேறுகிற வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கிளியூர்ப் பக்கம் ஒருத்தர் இப்படி வயிற்றை அறுத்துக்கொண்டு, அதற்கப்புறம் அரைத் தோசை தின்றால் வேர்த்துக் கொட்டி மயங்கிவிடுவார். எங்களுக்குத் தெரிந்தவர். அவரைத்தான் இவர் நினைத்துக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் பயம், அதோடு இன்னொன்றும். இந்த மனுஷனைக் கத்திக்கு அனுப்பியவள் என்ற பேரோடுதான் நான் சாகிற வரைக்கும் தோசைக்கல் முன்னால் நிற்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு தடவை வரச் சொல்லியிருந்தார். போனோம். டாக்டர் சீட்டை எடுத்து எழுதிக்கொண்டே, எல்லாரிடமும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"சமீபத்துல என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் இவர். போன தடவை இவரைத் தனியாகக் கூப்பிட்டபோதும் இதையே கேட்டாராம், இவரும் இதையேதான் சொன்னாராம். அப்போது நான் வெளியே இருந்தேன். இப்போது பக்கத்தில் நின்றேன். எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"ஏனுங்க, ஒண்ணுமில்லீங்களா? அப்ப இது என்ன, வெத்தலப் பொட்டலமுங்களா?" என்று இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு ரெண்டு அட்டையை எடுத்து மேசைமேல் போட்டேன். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வலி பிடித்தால் போட்டுக்கொள்ள வைத்திருந்தது.

"அது சாம்பிள்தானே" என்றார் அவர். நிஜமாகவே அப்பாவியாகச் சொன்னார். மெடிக்கல் ஷாப்பில் போய் வாங்கினால் மருந்து. பிரியப்பட்டு ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டுப் போனது எப்படி மருந்தாகும் என்பது அவர் கணக்கு.

டாக்டர் பேனாவை மூடினார். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். முதல் தடவை குழாய் விடுவதற்கு முன்னாலும் இதைச் சாப்பிட்டாரா என்று என்னைக் கேட்டார். டின்னைப் பற்றிச் சொன்னேன். அமிலத்தைக் குறைக்கிற கேப்சூல், சளிக்கென்று தின்ற, கிருமியைக் கொல்கிற மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்து எங்களுக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"அந்த மஞ்ச சீசாவுல என்ன இருக்குன்னு தெரியுமா? யூரியா" என்றார்.

"காப்பிச் செடிக்குப் போடறதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"அதேதான். நம்ம ரத்தத்துலயும் அது ஓடுது. வயித்துக்குள்ளயும் கசியும்" என்றார். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கிற அமிலத்தில் பொதுவாக எந்தக் கிருமியும் பிழைக்காது, விழுந்ததும் செத்துப்போகும். ஒரே ஒரு கிருமிக்கு மட்டும் வழி தெரியும். அதனிடம் யூரியேஸ் என்று ஒரு என்சைம் இருக்கிறது. என்சைம் என்றால் என்னங்க என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "உங்க அருவாமணை மாதிரின்னு வெச்சுக்கங்க. கூடை கூடையாக் காய் நறுக்கினாலும் அருவாமணை கரையறதில்ல பாருங்க" என்றார். அந்த அரிவாள்மணை யூரியாவை வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டினால் அம்மோனியா வரும். அம்மோனியா, கிருமியைச் சுற்றியிருக்கிற அமிலத்தை மட்டும் அடக்கிவிடும். புளிப்பு ஏறிய மாவில் நான் சோடா உப்புப் போடுவேனே, அதே வேலை. அந்த மறைவில் கிருமி நகர்ந்து போய் வயிற்றின் உள்தோலை மூடியிருக்கிற வழவழப்புக்கு அடியில் குடியேறிவிடும். அப்புறம் வருஷக்கணக்காக அங்கேயே இருந்து தோலைப் புண்ணாக்கும்.

"அந்த என்சைமை அதுகிட்டருந்து புடுங்கிட்டா?" என்றேன்.

"அப்பறம் அதுவும் மத்த கிருமி மாதிரிதான். உள்ள விழுந்ததும் சாகும், நோய் குடுக்க முடியாது" என்றார்.

சீசாவில் போட்ட சதையில் கிருமி இருந்தால் அங்கேயும் யூரியாவை வெட்டும், அம்மோனியா வரும், மஞ்சள் ரோஸாக மாறும். இவர் தின்ற சாம்பிள்கள் கிருமியைக் கொல்லவில்லை, ஆனால் குறைத்து அமுக்கி வைத்திருக்கின்றன. வெட்ட ஆள் இல்லாமல் சீசா மஞ்சளாகவே நின்றிருக்கலாம். "இருக்கலாம்னுதான் சொல்றேன். நிச்சயமாத் தெரியணும்னா கொஞ்ச வாரம் எந்த மாத்திரையும் கூடாது. வலிச்சா இந்த வெள்ளத் தண்ணி மருந்து மட்டும். மலம் கறுப்பாப் போனாலோ வாந்தியில ரத்தம் வந்தாலோ உடனே ஓடி வந்துரணும்" என்றார். கிருமி இருந்தால் மாத்திரையிலேயே ஆறிவிட வாய்ப்பு உண்டு, கத்தி வேண்டியிருக்காது. இல்லையென்றால் ஆபரேஷன்.

அந்த வாரங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மலையில் சீசன் ஆரம்பித்து பஸ் பஸ்ஸாக ஆள் இறங்குகிற நேரம். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு சில்லறை கொடுப்பார். நெற்றியில் வேர்வை நிற்கும். நான் அடுப்பை விட்டு ஓடி ஓடி வந்து ஒரு வாய் இட்லி, ஒரு வாய் பால் என்று கொடுத்துவிட்டுப் போவேன். பிஸ்கட் டின்னை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஒரு ரெப் சாப்பிட்டு முடித்து, இவர் படுகிற பாட்டைப் பார்த்துப் பையைத் திறந்தான். "கண்ணு, அந்தப் பைய மூடு. இனிமே இங்க சோத்துக்கு வா, மருந்தோட வராதே" என்றேன். பாவம், முகம் சுண்டிப்போய் இலையை எடுத்துக்கொண்டு போனான். அப்புறம் அவனுக்கு ஒரு ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. பெற்ற வயிறு அல்லவா. மகன் துடிக்கிறான், மருமகள் மருந்தை ஒளித்துவைத்திருக்கிறாள். "காரத்துல சாகலீன்னு பட்டினி போட்டு, மாத்திரையும் குடுக்காத கொல்லப் பாக்கறயா புள்ள?" என்று ஒருநாள் கடையில் எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டார். நான் சமையற்கட்டில் நின்று வெங்காயம் நறுக்கினேன். அழுவதற்கு அதைவிட வசதியான வேலை வேறெது?

மறுபடி சேலம். மறுபடி குழாய். அதே மாதிரி ஒரு சீசா. இந்தத் தடவை டாக்டர் எங்களை வெளியே அனுப்பவில்லை, பார்த்துக்கொண்டு இருங்கள் என்று மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். கிள்ளிப் போட்ட சதைத் துணுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கண் கொட்டாமல் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தத் துணுக்கைச் சுற்றி லேசாக, பன்னீர் ரோஜா வெளிறிப்போன மாதிரி ஒரு நிறம். என் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று அத்தையைக் கேட்டேன். "செவக்குதாட்டம் இருக்குது" என்றார் அவர். டாக்டர் திரும்பி வருவதற்குள் சீசா பூராவும் நல்ல ரோஸாகிவிட்டது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தொண்டை வலியோடு, "கத்தி வேண்டாமுங்களா?" என்று கேட்டார். ரெண்டு வாரம் மாத்திரை, நிறைய, வாய் கசக்கும், நாக்குக் கறுக்கும், ஒன்றையும் விடக்கூடாது, அப்புறம் பார்ப்போம், பெரும்பாலும் வேண்டியிருக்காது என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "காரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. போன தடவ நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அத்தை பக்கத்திலேயே நின்று கேட்டார். பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஊருக்குப் போனதும் என்னென்ன பேச வேண்டுமோ அத்தனையும் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றன.

அத்தைதான் கேட்டார். "அப்ப இந்தக் கிருமி என்ற புள்ளைக்கு எங்கிருந்துங்க வந்துது?"

"சரியாத் தெரியலைம்மா. பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்துருது. வீட்ல இருக்கறவங்க வாயிலருந்து வரலாம். மென்னு ஊட்டறது, எச்சில் பண்டம். தண்ணியிலயும் வரலாம்னு சொல்றாங்க."

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பஸ்ஸில் இவருக்கு முன்னால் இடம் கிடைத்தது, உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். நானும் அத்தையும் பின்னால். அடிவாரம் தாண்டி வண்டி வளைந்து ஏற ஆரம்பித்தது. அந்தக் கனத்த குரலை நான் அவ்வளவு மெல்லிசாகக் கேட்டதே இல்லை.

"நாந்தான் குடுத்தனா கண்ணு?"

நான் தயாராக வைத்திருந்த பேச்சு அத்தனையும் வாய்க்குள் இருந்தது. ஒன்றை எடுத்து விட்டாலே போதும். அவர் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

"இல்லீங்கத்தை. தண்ணியிலதான் வந்திருக்கும். டாக்டரே சொன்னாருங்களே, நீங்களும் கேட்டீங்களே."

அத்தை தலையை ஆட்டினார், ஒத்துக்கொள்கிற ஆட்டல் இல்லை. "தோட்டத்துல பழம் எடுக்கையில, இடுப்புல இவன். சோத்துக்கு விடற நேரம் கொஞ்சூண்டு. இவனுக்கு ஒண்ணும் எறங்காது, தொண்டையில சிக்கி நீலம் பாரிச்சுப் போவான். சாமை அரிசிச் சோத்த நான் மென்னு மென்னு கூழாக்கி வாயில வெப்பேன். அப்பத்தான் முழுங்குவான்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "இவனுக்கு மின்ன ரெண்டு. ரெண்டும் பொண்ணு. அதுகளுக்கு மென்னு குடுக்கோணும்னு எனக்குத் தெரியலியே. எளச்சு எளச்சே செத்துப் போச்சுக. நாங்க இருந்த லயன் வீட்டுக்குப் பின்னாலயே பொதச்சோம்" என்றார்.

அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த நாளிலிருந்து இப்படி ரெண்டு பேர் இருந்தார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முன் சீட்டில் அவர் தலை வளைவுக்கு வளைவு சாய்ந்து நிமிர்ந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர நீங்க அப்படி ஊட்டுனதுனாலதானுங்கத்தை அவரு நமக்கு இருக்கறாரு" என்றேன்.

தண்ணி என்று சொன்னது பொய். இது பொய்யில்லை.